டேம் படத்து ஹீரோ செத்தானா?

எங்கள் வீட்டில் என் தங்கைக்கு 'கப்சா' என்று ஒரு பெயர் உண்டு. வைத்தது நான். அப்போது நான் பத்தாம் வகுப்பு, அவள் ஆறாம் வகுப்பு. ஒரு டிவி கேமால் வந்த பெயர் அது. இத்தனை வருடம் கழித்து அதே கேமை மறுபடியும் ஆட உட்கார்ந்ததை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது. வரட்டும், சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி ஒரே ஒரு பையோடு திண்டிவனம் வந்து இறங்கினாள். இனிமேல் புருஷன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால், "வேலைக்குப் போறப்ப என்னை உள்ள வெச்சி வெளிய பூட்டிட்டுப் போறாரு. அஞ்சு மாசமா. இன்னிக்கி பூட்ட மறந்துட்டாரு, வந்துட்டேன்" என்றாள்.

என் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையை எங்களுக்குப் பதினான்கு வருடமாகத் தெரியும். கோயிலில் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவார். நான் போன் செய்து கேட்டதற்கு அவர் சிரித்தார். "பூட்டுறதா? தனியா இருக்க பயமா இருக்குது, பூட்டிக்கினு போங்கன்னு அவதான் சொல்றா மச்சான். அவகிட்டயும் ஒரு சாவி இருக்குதே" என்றார். சாவியே கிடையாது என்றாள் இவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அப்பா இல்லாத வீடு. "நீ என்னா சொல்றியோ அதான்டா. போன்னா போவட்டும், இருன்னா இருக்கட்டும்" என்று அம்மா மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டாள். எனக்கு ஆறு நாள் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்டெப் இல்லாமல் விடை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு மார்க் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று சாயங்காலம் தங்கையிடமும் அப்படித்தான் பேசினேன்.

"நீ சொல்றத எப்பிடி நம்பறது? டேம் படத்து ஹீரோ சாவலன்னு சொன்னவதான நீ" என்றேன். பாதி கிண்டல்தான்.

"அவன் சாவலதான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நாற்பது வயதை நெருங்குகிறவள், இன்னமும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் டப் செய்து வந்த இங்கிலீஷ் படம். ஒரு கும்பல் பெரிய அணைக்கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே காவலுக்கு இருக்கிற ஒற்றை ஆள் அவர்களை ஒவ்வொருவராக முடிப்பான். கடைசியில் வெடிகுண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் குதிப்பான். தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பும். உடனே தியேட்டரில் லைட்டைப் போட்டுவிட்டார்கள். திண்டிவனமே அழுதது. அந்தக் கோடையில் நாங்கள் யார் கிணற்றில் குதித்தாலும் ஒரு கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் குதித்தோம்.

அதற்கு அடுத்த வருடம் பாண்டிச்சேரியிலிருந்து எங்கள் மாமா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன் மேல் அந்த ஹீரோவின் படம். கேசட்டை எடுத்து வாயால் ஊதி ஊதிச் செருகினால்தான் படம் வரும். மூன்று லைஃப். நடுவில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடர்வதெல்லாம் கிடையாது. நாலாவது ஸ்டேஜில் ஒரு குழாய்க்குள் மாட்டிக்கொள்வோம். கீழேயிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். மேலே ஓட்டைக்குத் தாவ வேண்டும். எவ்வளவு தாவினாலும் எட்டாது. எங்கள் தெருவில் ஒருத்தனும் அதைத் தாண்டியதில்லை.

தங்கைக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்த ஒரு நாள், நான் டியூஷன் போயிருந்தேன். திரும்பி வந்தால் அவள் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். "முடிச்சிட்டேன்ணா. அவன் சாவல. தண்ணிக்குள்ளருந்து கைய நீட்டிக்கினு மேல வர்றான். நீ பாக்கணும்னு ரெண்டு மணி நேரம் அப்பிடியே வெச்சிக்கினு இருந்தேன். இப்பதான் கரண்ட் போயி வந்துச்சி." டிவியில் முதல் ஸ்டேஜ் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் செத்தவன் கேமில் எப்படிப் பிழைப்பான் என்று நான் சிரித்தேன். தெருவைக் கூப்பிட்டுச் சொன்னேன், தெருவும் சிரித்தது. அன்றைக்கு ஒட்டியதுதான் கப்சா. பிறகு அவள் என்ன சொன்னாலும் அதுதான். குளியலறையில் பாம்பு இருக்கிறது என்றாள், கப்சா என்றோம். பாம்பு இருந்தது. பாம்பை அடித்துத் தூக்கிப் போட்ட பிறகும் பெயர் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வரும்போது கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் போன் கவரும் ஹெல்மெட்டும் விற்கிற கடை. அங்கே ஓர் அட்டைப் பெட்டியில் பழைய டிவி கேம், அறுநூறு ஆட்டம் உள்ளேயே இருக்கிறதாம். எந்தச் சனியன் பிடித்து ஆட்டியதோ, வாங்கிவிட்டேன். டேம் கேம் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். வூட்டாண்ட போயி போட்டுப் பாருங்க. ஓடலன்னா எத்துக்கினு வாங்க" என்றான் கடைக்காரன். ஹீரோ சாவதைத் தங்கைக்குக் கண்ணெதிரே காட்டிவிட வேண்டும், அவள் வாயை அடைத்துவிட வேண்டும், பிறகு ஞாயிற்றுக்கிழமை விஷயம் தானாக முடிவாகிவிடும். இதுதான் என் கணக்கு. இதைவிட மட்டமான கணக்கை என் மாணவன் ஒருத்தன் போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

வீட்டில் வந்து போட்டால் பட்டியலில் எல்லாப் பெயரும் தப்புத் தப்பான இங்கிலீஷ். எனக்கோ படத்தின் தமிழ்ப் பெயர் மட்டும்தான் தெரியும். இங்கிலீஷ் பெயர் என்னவென்று திண்டிவனத்தில் எவனும் தெரிந்துகொள்ளவே இல்லை. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தவளை, பன்றி, கார், கராத்தே, திரும்பவும் அதே தவளை வேறு பெயரில். முந்நூறைத் தாண்டிய பிறகுதான் அணைக்கட்டு வந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இதே வேலை. புது டிவியில் பட்டனை அமுக்கி அரை விநாடி கழித்துத்தான் அவன் குதிக்கிறான். அதற்குள் செத்துவிடுகிறான். கட்டைவிரலில் கொப்புளம் வந்துவிட்டது. என் மனைவி நர்ஸ், டூட்டி முடிந்து வந்தவள் பார்த்துவிட்டு, "அங்க ஒரு பொம்பள அஞ்சு மாசம் பூட்டிக் கெடந்தேன்றா. நீங்க இங்க பொம்மைய குதிக்க வெச்சிக்கினு இருக்கீங்க. பேஜாரு புடிச்ச மனுசன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் முதல் நாளே என் தங்கையை நம்பிவிட்டாள். எதை வைத்து நம்பினாய் என்று கேட்டேன். "சொன்னா, நம்பினேன்" என்றாள்.

தங்கை என் ஆட்டத்தை எட்டியும் பார்க்கவில்லை. மல்லாட்டை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டாள், துணி மடித்தாள். வாசல் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் என் கட்டைவிரலைப் பார்த்து விழுப்புரத்துக்காரச் சக ஆசிரியர் ஒருவர் என்னவென்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு சார் செத்தான்னு சொன்னது? கீழ ஆத்தாண்ட கைய நீட்டிக்கினு கரையேறி வர்றான். நாங்க விசில் அடிச்சி தொண்டை கட்டிக்கிச்சி. படம் எங்க ஊர்ல ஓடி முடிச்சிதான் உங்க ஊருக்கு வரும். அதுக்குள்ள ரீலு நைஞ்சி போயிருக்கும். கடைசியில கிழிஞ்ச துண்ட வெட்டிப் போட்டுட்டு லைட்ட போட்டுருப்பானுங்க" என்றார்.

தியேட்டர்காரன் வெட்டி எறிந்த துண்டுக்காக ஓர் ஊரே சாகாதவனுக்கு அழுதிருக்கிறது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று வண்டியில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னதும் நான் நம்பிவிட்டேன். அவரிடம் ஸ்டெப் கேட்கவில்லை. என் சொந்தத் தங்கை அதையே கையை நீட்டிக் காட்டி அழுதுகொண்டு சொன்னபோது சிரித்தேன். அப்போதாவது நேராக அவளிடம் போயிருக்கலாம். போகவில்லை. படம் வேறு, கேம் வேறு என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு மறுபடியும் பட்டனைப் பிடித்தேன். வெட்கத்தைத் தள்ளிப்போட அதைவிட வசதியான வேலை எனக்கு அகப்படவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். நாலாவது ஸ்டேஜ், குழாய், கடைசி லைஃப். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நான் தாவிக்கொண்டிருந்தேன்.

"குதிக்காத. சும்மா நில்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தங்கை முறத்தோடு நின்றிருந்தாள். "தண்ணியே உன்ன மேல தூக்கிக்கினு போவும்."

கையை எடுத்தேன். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டையில் விட்டது. அஞ்சாவது ஸ்டேஜ் ஒன்றுமே இல்லை. ஓடினான், சுட்டான், குண்டை அணைத்துக்கொண்டு குதித்தான். திரை முழுக்க நீலம். நீலத்தின் நடுவில் நாலு கட்டமாக ஒரு கை எழும்பியது. பிறகு தலை. பிறகு அவன் கரையேறி நின்றான்.

"நீ சொன்னது சரி! அவன் சாவல!" என்று கத்தினேன். உண்மையாகவே சந்தோஷம். ஏதோ அவளுக்குப் பரிசு கொடுப்பதாக நினைப்பு எனக்கு.

அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இதுக்கு நீ ஆடிப் பாத்துட்ட. பூட்டிட்டுப் போறாருன்னு சொன்னனே, அதுக்கு எந்த கேமு ஆடிப் பாக்கப் போற?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. அலுத்துப்போன குரல். நான் டிவியை அணைத்தேன். நீ போக வேண்டாம், இங்கேயே இரு என்று சொன்னேன். ஐந்து நாள் தாமதமாகச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஆப்பிள் பை. அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். "ஜல்தி கெளம்பச் சொல்லுங்க அத்தை, வெயிலுக்கு முன்ன போயிடலாம்" என்றார்.

"அவ வரல மாப்ள" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மாறவே இல்லை. "அவ சொன்னத நம்பிட்டீங்களா மச்சான்?" என்று சிரித்தார். "நீங்கதான என்கிட்ட சொன்னீங்க? கல்யாணத்தன்னிக்கி, மேடையாண்ட, தோள்ல கைய போட்டுக்கினு. 'இவளுக்கு வூட்டுல கப்சான்னு பேரு, எதச் சொன்னாலும் பாதிதான் நம்பணும்'னு. நான் அதுக்கப்பறம் அவ பேச்ச எதையுமே பெருசா எடுத்துக்கறதில்ல. எங்க வூட்டுலயும் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. போட்டோவுக்கு நின்றுகொண்டு சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் போட்டோ இன்னமும் ஹாலில் மாட்டியிருக்கிறது.

சமையலறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். இது அவளுக்கு இதுவரை தெரியாது. பதினான்கு வருடமாகப் புருஷன் வீட்டில் தன் பேச்சு ஏன் எடுபடவில்லை என்று அவள் என்னென்ன யோசித்திருப்பாளோ.

"நீயா சொன்ன?" என்று கேட்டாள்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "ஆமா. நான்தான்" என்றேன்.

"சரி. மொதல்ல அவர அனுப்பு. உன்கிட்ட அப்பறம் பேசறேன்" என்றாள்.

அவரை அனுப்பினேன். வாசல் கேட் வரை போய், இனிமேல் இங்கே வரக் கூடாது என்று சத்தமாகவே சொன்னேன். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். அம்மாவோடு பேசுகிறாள், என் மனைவியோடு சிரிக்கிறாள், எனக்குச் சோறும் போடுகிறாள். அப்புறம் பேசுகிறேன் என்றாளே, அந்தப் பேச்சை மட்டும் இன்னும் பேசவில்லை. தினமும் சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்கு நான் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன்.