ஞாயிற்றுக்கிழமை அலாரம்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கச் சாப்பாட்டுப் பையோடு ஓடுகிறவர்களை எங்கள் தெருமுனையில் தினமும் பார்ப்பேன். ஷிஃப்ட் மாறும்போது அலாரமும் தானாக மாறிக்கொள்ளும் ஒரு செயலி செய்தால் என்ன என்று தோன்றியது. வேலையை விட்டேன். சேமிப்பைக் கரைத்து, சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து அதைச் செய்து முடித்தேன். செயலியில் ‘எங்கள் குழு’ என்று பெருமையாக எழுதி, உதவி எண்ணாக என் நம்பரையே போட்டேன்.

வெளியிட்ட பின் வந்த முதல் ஞாயிறு காலை, ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா போன் செய்தார்.

“சர்ச்சுல பூசை நடுவுல உங்க அலாரம் அலறுது. சாமியாரு பிரசங்கத்த நிறுத்திட்டு என்னையே பாக்குறாரு. யாரு இத செஞ்சது? அவங்ககிட்ட குடு.”

“நான்தான்க்கா செஞ்சேன்.”

“அப்ப ஓனர்கிட்ட குடு.”

“அதுவும் நான்தான்க்கா.”

எனக்கும் சுர்ரென்று கோபம் வந்தது. பொங்கல், தீபாவளி, புதுச்சேரி விடுதலை நாள் வரை விடுமுறைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவன் நான். விடுமுறைப் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஞாயிற்றுக்கிழமையைக் காணோம். அதைப் போய் எப்படி மறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

“புடிக்கலன்னா எடுத்துடுங்க” என்றேன், வெடுக்கென்று.

“எடுத்துட்டா நாளைக்கு என்னை யாரு எழுப்புறது? சரி பண்ணிக் குடு.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. “இதோ, இப்பவே உக்காந்து பண்றேன்க்கா.”

“இப்பவேவா?” அவர் குரல் இறங்கியது. “ஏம்ப்பா, ஞாயித்துக்கெழமகூட உனக்கு லீவு கெடையாதா?”