ஃபெர்ரியில் முன்னால்தான் நிற்பேன்

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது இது. எனக்கு வீடு போர்ட் பிளேரில், கராச்சர்மா பக்கம். வேலை கடலுக்கு அந்தக் கரையில், ஒரு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். தினமும் காலையில் பைக்கில் சாத்தம் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு வந்து, வண்டியோடு ஃபெர்ரியில் ஏறி, பாம்புஃப்ளாட்டில் இறங்கி, அங்கிருந்து மேட்டு ரோட்டில் போக வேண்டும். அங்கே வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரைக்காரர்களை ரொம்ப நேரம் அப்படி உட்கார வைக்கக் கூடாது. அதனால் எனக்குக் காலையில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

பைக் என்றால் கியர் பைக்தான், ஸ்கூட்டி இல்லை. பெட்ரோலை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தெளிக்கிற புது மாடல். நானே பார்த்து, நானே வாங்கியது. என் வீட்டுக்காரர் தீவுக்குத் தீவு போகிற கப்பலில் வேலை பார்க்கிறார். மாதத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். அதனால் அந்த வண்டிதான் எனக்குக் கையும் காலும்.

எங்கள் ஃபெர்ரியில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏறியதும் இடித்துப் பிடித்து, இறங்கும் கதவை ஒட்டி முன்னால் போய் நின்றுவிடுவோம். அந்தக் கரையில் கதவு சாய்ந்ததும் முதலில் பாய்கிறவன்தான் கெட்டிக்காரன். பின்னால் மாட்டினால் லாரி, பஸ்ஸெல்லாம் உருண்டு வெளியே போகிற வரைக்கும் புகையைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆம்பளைகள் கூட்டத்தில் அந்த முன் இடத்தை நான் எவனுக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. மழைக்காலத்தில் கதவு இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் சள்ளென்று அடிக்கும். அடித்தால் அடிக்கட்டும் என்று நிற்பேன்.

ஜூன் மாதம் வண்டி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகும், சமவெளியில் ஓடும். பாம்புஃப்ளாட் தாண்டி மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் முன்னால் போகாமல் முக்கும். ஒரு நொடி மூச்சுப் பிடித்த மாதிரி நின்று, அப்புறம் வெடுக்கென்று இழுக்கும். நான் முதலில் பெட்ரோலைத்தான் திட்டினேன். எங்கள் ஊரில் எது கெட்டாலும் கப்பலில் வந்த சரக்கு மேல் பழியைப் போட்டுவிடுவோம். வெங்காயம் அழுகினாலும் கப்பல், வண்டி முக்கினாலும் கப்பல்.

பங்க் மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்தவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்து, "மேடம், வண்டி ஓட்டுறது யாரு, நீங்களா? கிளட்ச்சை முழுசா விடாம ஹாஃப் கிளட்ச்ல ஓட்டுவீங்க. லேடீஸ் எல்லாம் அப்படித்தான்" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினாலு வருஷமாக இந்த மேட்டில் வண்டி ஓட்டுகிறேன், நீங்கள் எத்தனை வருஷமாக லேப்டாப் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பெங்காலிக்காரர், என் வயதுதான் இருக்கும். ஃப்யூயல் மேப்பிங்கில் கில்லாடி என்று பெயர். மேப்பிங் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டரை இவ்வளவு திருகினால், இன்ஜின் இவ்வளவு வேகத்தில் சுற்றினால், இவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு பட்டியல். கம்பெனியில் பெட்ரோலைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், மேட்டுக்குப் பத்தாது என்று சொல்லி அவர் பட்டியலை மாற்றினார். முக்கல் லேசாகக் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் போகவில்லை. இன்னும் கூட்டினார். மூன்றாம் தடவை கூட்டியபோது சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் சைலன்சர் கறுப்பாகப் புகைந்தது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. ஆனால் காலையில் அதே மேட்டில் அதே முக்கல்.

அந்த வாரம்தான் அது நடந்தது. மேட்டில் ஒரு மண் லாரியை ஓவர்டேக் எடுத்தேன். எதிரே ரோடு காலியாக இருந்தது, நிதானமாகத்தான் எடுத்தேன். லாரிக்குப் பக்கவாட்டில் பாதி தூரம் போனபோது வண்டி மூச்சை விட்டது. திருகுகிறேன், திருகுகிறேன், நகரவில்லை. வளைவில் பஸ் வந்துவிட்டது. அந்த பஸ் டிரைவர் புண்ணியவான், ரோட்டோரப் புல்லில் இறக்கி நிறுத்தினார். கையெட்டும் தூரத்தில் அதன் முன் விளக்கைப் பார்த்தேன். லேபுக்குப் போய் எடுத்த ஊசியைத் திரும்பக் கீழே வைத்துவிட்டேன். வந்தவர்களிடம் ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். பயத்திலும் அழுதேன், ஆத்திரத்திலும் அழுதேன்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் விஷயம் போய்விட்டது. சின்ன ஊர், பஸ்ஸில் யாரோ தெரிந்தவர் இருந்திருக்கிறார். வீட்டுக்காரர் அந்த வாரம் லீவில் கரையில் இருந்தார். கத்தவில்லை, அதுதான் மோசம். மெதுவாக, "வேணாம்மா. வித்துடலாம். பஸ்லயே போ" என்றார். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேசியும் முடித்துவிட்டார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

மெக்கானிக்கும் கையை விரித்தார். "தீதி, கம்ப்யூட்டரைக் கழற்றி மெயின்லேண்டுக்கு அனுப்புங்கள், இங்கே முடியாது" என்று இந்தியில் சொன்னார். தீதி என்றால் அக்கா. தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பல் வலி என்றாலும் மெயின்லேண்ட், பைக்குக்கும் மெயின்லேண்டா? அனுப்ப மாட்டேன், விற்கவும் மாட்டேன் என்றேன். ஓட்டத் தெரியாதவள் என்ற பெயரோடு அந்த வண்டியை நான் கொடுப்பதா?

வியாழக்கிழமை ஜெட்டிக்கு வர லேட்டாகிவிட்டது. கடைசி ஆளாக ஏறினேன். ஒரு மினி லாரிக்குப் பின்னால் மூலையில்தான் இடம் கிடைத்தது. மனசுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் இறங்கி மேடு ஏறினால், வண்டி வெண்ணெய் மாதிரி ஏறுகிறது. ஒரு முக்கல் இல்லை. மேலே போய் நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன்.

லேபில் ஒரு ரிசல்ட் சந்தேகமாக வந்தால் நாங்கள் முதலில் மெஷினைக் குறை சொல்ல மாட்டோம். சாம்பிளை எப்படி எடுத்தார்கள் என்றுதான் கேட்போம். சாம்பிள் கெட்டிருந்தால் மெஷின் என்ன செய்யும், கெட்டதைத்தான் அளக்கும். இத்தனை நாள் நானும் அந்த மெக்கானிக்கும் மெஷினைத்தானே நோண்டிக்கொண்டிருந்தோம் என்று அப்போது உறைத்தது. சாயங்காலம் வரும்போது அவசரம் இல்லாததால் ஃபெர்ரியில் நடுவில்தான் நிற்பேன். சாயங்காலம் வண்டி முக்கியதே இல்லை. கராச்சர்மா மேட்டில் கொட்டுகிற மழையில் நனைந்தும் முக்கியதில்லை. அப்படியென்றால் மழைத் தண்ணீர் இல்லை. முன்னால் நிற்கும்போது அடிக்கிற உப்புத் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை இன்ஜின் பக்கத்தைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவிட்டு முன்னால் போய் நின்றேன். பைக் ஓட்டுகிறவர்கள் கேலி செய்தார்கள். வண்டிக்குக் குளிருதா அக்கா என்று ஒருவன் கேட்டான். நானும் வண்டியும் நனைந்தோம், இறங்கியதும் பையைப் பிய்த்துவிட்டு மேடு ஏறினேன். முக்கவில்லை.

சனிக்கிழமை சாத்தத்தில் ஒரு பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கைப்பையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றையும் போட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். வீட்டுக்காரரும் கூடவே வந்தார். கடைசியாக ஒரு தடவை ஆசை தீரப் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார். வண்டியை ஓடவிடச் சொன்னேன். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. அதன் வயர் சொருகுகிற இடத்தில் முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினேன். மெக்கானிக் ஆக்சிலேட்டரைத் திருகினார், ஒன்றும் ஆகவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடுத்து கடல் தண்ணீரைப் பீய்ச்சினேன். திருகினார். வண்டி முக்கி, இருமி, அவர் கையிலேயே அணைந்துபோனது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. தண்ணீர் புகாமல் இருக்க வைத்திருந்த ரப்பர் வெடித்திருந்தது. உப்புத் தண்ணீர் பட்டதும் நான் முழுசாகத் திருகினாலும், கால்வாசிதான் திருகுகிறாள் என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போயிருக்கிறது. அது பாவம், கேட்டதற்குச் சரியாகத்தான் பெட்ரோல் கொடுத்தது. காய்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அதனால் லேப்டாப்பில் எதுவும் சிக்கவில்லை. அவர் பழைய மேப்பையே திரும்ப ஏற்றினார். களிம்பைச் சுரண்டி, புது ரப்பர் போட்டு, கிரீஸ் வைத்து, மேலே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். "தீதி, மேப் சஹி தா" என்று தலையைச் சொறிந்தார். மேப் சரியாகத்தான் இருந்ததாம். தப்பு என்னுடையதும்தான் என்று நான் அவரிடம் சொன்னேன். தினமும் காலையில் கொண்டு போய் அந்த உப்புத் தண்ணீரில் நிறுத்தியது வேறு யாரும் இல்லையே. கப்பலையும் பங்க்காரரையும் அவரையும் திட்டிய வாய், அதைச் சொல்லும்போது கொஞ்சம் திக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரைப் பின்னால் ஏறச் சொன்னேன். முதலில் தயங்கினார். ஃபெர்ரியில் முன்னால் போய் நின்று இருவரும் தொப்பலாக நனைந்தோம். மேட்டில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. ரோடு நேராக, காலியாக இருந்த இடத்தில் ஹார்ன் அடித்துவிட்டுத் திருகினேன். ஒரே இழுப்பில் தாண்டினோம். அவர் என் தோளைப் பிடித்திருந்த பிடி அதற்கப்புறம்தான் தளர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் வண்டி வாங்க வந்தவர் வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "அண்ணே, டீ சாப்பிட்டுட்டுப் போங்க. வண்டி என் பேர்ல இருக்கு, விக்கல." வீட்டுக்காரர் உள்ளே போய் டீ போட்டார்.

அடுத்த மாதம் அந்த சர்வீஸ் சென்டருக்கு ஆயில் மாற்றப் போனபோது, கழற்றிய அந்த வெடித்த ரப்பரை மேஜையில் வைத்து, இதுதான் சார் என் ஹாஃப் கிளட்ச் என்றேன். அன்றைக்கும் நாலு பேர் சிரித்தார்கள், ஆனால் என்னைப் பார்த்து இல்லை.

இன்றைக்கும் ஃபெர்ரியில் முன்னால்தான் நிற்கிறேன், சைக்கிள் டியூபைத் தொட்டுப் பார்த்துவிட்டு. உனக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் முதலில் என் பக்கம் என்ன தப்பு என்று தேடிப் பார்ப்பேன். தேடி முடித்த பிறகு அவர்களுக்குப் பதில் சொல்லாமல் விடுவதில்லை.