நீச்சலுக்குப் போட்ட அஞ்சு

எங்கள் வீடு முத்தையாபுரத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம். மெயின் ரோடும் மருந்துக்கடையும் அந்தப் பக்கம். அந்த மழையில் ஓடை எது, தெரு எது என்றே தெரியாமல் போனது. கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் நான், என் வீட்டுக்காரி, மகள்கள் ரெண்டு பேர், நாலு பேரும் மாடியில் இருந்த ஒற்றை அறைக்குப் போனோம். மூணாவது நாளும் அதே அறைதான். கரண்ட் இல்லை, போன் இல்லை. நாலு எட்டு வைத்தால் சுவர், திரும்பி நாலு எட்டு வைத்தால் சன்னல். சன்னலுக்கு வெளியே பழுப்புத் தண்ணீர்.

மூத்தவளுக்குப் பதினாலு வயது. நான் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு ஏறினபோது அவள் தன் பகடை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சத்தம் போட்டேன். ஆனால் அந்த டப்பா இல்லையென்றால் அந்த அறைக்குள் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கடித்து வைத்திருப்போம்.

அது ஒரு கதை விளையாட்டு. அவள் கதை சொல்லுவாள், அதற்குள் நாம் ஒரு ஆள். அந்த ஆளுக்கு என்னென்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பாள். "முன்னால கோட்டை மதில். என்ன செய்யப் போற?" என்பாள். ஏறுகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது, இருபது முகம் உள்ள பகடையை உருட்டணும். நான் தாயம் ஆடி வளர்ந்தவன். தாயத்தில் ஒண்ணு விழவில்லையென்றால் நீ எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் காய் வெளியேதான் கிடக்கும். இது அப்படி இல்லை. மதில் ஏற பதினஞ்சு வேணும் என்று வையுங்கள். வெறும் பகடையென்றால் பதினஞ்சிலிருந்து இருபது வரை ஆறே முகம்தான் நமக்குச் சாதகம். நம்ம ஆள் மதில் ஏறுவதில் கெட்டி, அவன் தாளில் அதற்கு அஞ்சு எழுதியிருக்கிறது என்றால், விழுகிற எண்ணோடு அஞ்சைக் கூட்டிக்கொள்ளலாம். பத்து விழுந்தாலே ஏறிவிடலாம். இப்போது பதினோரு முகம் நமக்கு. மதில் மழையில் வழுக்கினால் ரெண்டைக் கழிப்பாள். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு மாடிஃபையர் என்று பேர். விழுவது நம் கையில் இல்லை. கூட்டுவதும் கழிப்பதும் நாம் யார் என்பதைப் பொறுத்தது.

என்னைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் வைத்துத்தான் என் ஆளின் தாளை எழுதியிருந்தாள்; நீச்சலுக்கு அஞ்சு போட்டிருந்தாள். காரணம் நான்தான். எங்க அப்பா வீட்டில் கடலில் முங்கிச் சங்கு குளிச்ச ஆட்கள் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லி, பத்து வயதில் நானும் கடலில் நின்ற தோணிவரை நீந்திப் போய்த் திரும்பினேன் என்று கதை விட்டிருந்தேன். நான் துறைமுகத்தில் வருகிற கப்பலைக் கரையோடு கட்டுகிறவன். கப்பலிலிருந்து வரும் கயிற்றை இழுத்துக் கரையில் நட்ட இரும்புக் குத்தியில் மாட்டுவது வேலை. கால் நனையாது. கடற்கரையில் பிறந்தவனிடம் உனக்கு நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் தெரியும் என்றே ஆகிப்போனது.

அந்த மூணாவது நாள் மத்தியானம் சின்னவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. ஒன்பது வயது. வாயில் வைத்து அடிக்கிற பம்பைக் குலுக்கினோம். காலி. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. வீட்டுக்காரி என்னையே பார்த்தாள்.

மூத்தவள் சொன்னாள்: "எப்பா, நீ நீந்திப் போ. உனக்குத்தான் அஞ்சு இருக்கே."

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனால் சாவேன், போகாவிட்டால் இவளைப் பார்த்துக்கொண்டு நிற்கணும். மூணு நாளில் அந்த அறை அவ்வளவு சின்னதாக இருந்ததே இல்லை.

"எனக்கு நீச்சல் தெரியாதுளா," என்றேன்.

"விளையாடாதப்பா."

"மெய்யாவே தெரியாது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளை எடுத்து அஞ்சை அழித்தாள். கழித்தல் போட்டு ஒண்ணு எழுதினாள். அப்புறம் கேட்டாள்: "வேற என்ன தெரியும்? பொய் சொல்லாம சொல்லு."

"கயிறு," என்றேன். "கயிறு பிடிக்கத் தெரியும்."

"அப்ப நீந்தத் தெரிஞ்ச ஆள் வேணும்."

எங்கள் மாடிச் சுவரும் பக்கத்து வீட்டு மாடிச் சுவரும் ஒட்டினாற்போல இருக்கும். அங்கே லாரி ஓட்டுகிற அண்ணாச்சி. கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏலே, சங்கு குளிச்ச குடும்பம்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே!"

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

அவர் சிரிப்பு நின்றது. "நான் செம்மணல் தேரிக்காட்டுக்காரன். கிணத்துல குதிச்சு நீச்சல் படிச்சவன். இங்கன நின்னு பேசுனா ஆவாது, வா." வீட்டுக்குள் கிடந்த தார்ப்பாய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு சுவர் தாண்டி எங்கள் மாடிக்கு வந்தார். மருந்துக்கடைக்காரர் சரக்கையெல்லாம் தன் மாடியில் ஏற்றி வைத்திருப்பதை அண்ணாச்சி காலையிலேயே இங்கிருந்து பார்த்திருந்தார்.

அவர் இடுப்பில் ஒரு நுனி. மறு நுனியை எங்கள் மாடிப் படிக்கட்டுத் தூணில் ரெண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். கப்பலுக்கு விடுவது போலத்தான், கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நடு ஓடையில் அவர் தலை ஒருதரம் முங்கியது. கயிறு விண்ணென்று இறுகி உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை. தலை மேலே வந்தது. அந்தக் கரையில் மின்கம்பத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போனார்.

பின்னால் சின்னவள் மூச்சு இழுக்கிற சத்தம். நான் திரும்பவில்லை. பகடையைக் கையில் வைத்துக்கொண்டு மூத்தவள் பக்கத்தில் நின்றாள், உருட்டவில்லை.

அண்ணாச்சி பிளாஸ்டிக் கவரைத் தலையில் கட்டிக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பி வந்தார். ரெண்டு பம்பு. ரெண்டு அடி அடித்ததும் சின்னவளின் நெஞ்சு மெல்ல அடங்கியது.

தண்ணீர் வடிய இன்னும் ரெண்டு நாள் ஆனது. மருந்து வந்த அன்றே சாயங்காலம் மூத்தவள் என் தாளை விரித்து முன்னால் உட்கார்ந்தாள்.

"எப்பா, இதுல இன்னும் எதெல்லாம் பொய்?"

வீட்டுக்காரியும் அரிசி களைவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். எழுந்து போக இடமில்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தேன்.