பேர் வெட்டிய தூக்குவாளிகள்

செல்வராணி அக்காவைப் பற்றி இதற்கு முன் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இரண்டும் ஆங்கிலத்தில், இரண்டும் நிதி கேட்டு. ‘சமூக மாற்றத்தின் முன்னோடி’ என்று அவரை அதில் குறிப்பிட்டிருந்தேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. இந்த முறை யாரிடமும் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை.

என் பெயர் சம்பத்குமார். தூத்துக்குடியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை. குப்பையைக் குறைக்கிறோம், தண்ணீரைச் சேமிக்கிறோம், மக்களின் அன்றாடப் பழக்கத்தை மாற்றுகிறோம் என்று அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுதி நிதி வாங்கி வருவது என் பிழைப்பு. எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றுகூட மாறவில்லை என்பது வேறு கதை.

அக்கா பிறந்தது உடன்குடிப் பக்கம். பத்தொன்பது வயதில் விஜயராஜைக் கட்டிக்கொண்டு, துறைமுகச் சாலையை ஒட்டிய தாழ்வான தெரு ஒன்றுக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்த விஜயராஜுக்கு நாற்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்தது. அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அக்கா வீட்டின் முன்னறையில் அடுப்பைப் போட்டு இட்லிக் கடை தொடங்கினார். கூட்டம் நெருக்கும்போதே உள்ளே திரும்பி, “இந்தா வாறேன், இந்த ஈடை இறக்கிட்டு வாறேன்” என்று குரல் கொடுப்பாராம். பேச்சுப் போன மனிதர் தலையை மட்டும் அசைப்பாராம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று நாளாக வடியவில்லை. விஜயராஜை மேசைமேல் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். ஈரமும் குளிரும் நெஞ்சில் இறங்கிவிட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆறாம் நாள் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் தெரு ஆண்கள் சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து அடைப்பை எடுத்தார்கள். சேற்றைவிட அதிகமாக வந்தவை மஞ்சள் நூல் கட்டிய பிளாஸ்டிக் சாம்பார்ப் பைகள். மஞ்சள் நூலில் இரட்டைச் சுற்றுப் போட்டுக் கட்டுவது அந்த வட்டாரத்திலேயே செல்வராணி கடை மட்டும்தான். அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“வெள்ளம் கொல்லல சார். நாந்தான் கொன்னேன்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அன்று பெய்த மழைக்கு எந்தச் சாக்கடையும் தாங்கியிருக்காது என்றேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

கடையை மறுபடி திறந்தபோது ஒரே சட்டம். பாத்திரம் கொண்டு வந்தால் சாம்பார், சட்னி. பை கிடையாது. முதல் மாதம் தெருவே ஏசியது. “புருஷன் போனதுல புத்தி பேதலிச்சுட்டு” என்று காதுபடவே சொன்னார்கள். அக்கா பாத்திரத்தோடு வந்தவர்களுக்கு சாம்பாரை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார், அவ்வளவுதான். ஆறே மாதத்தில் தெரு வழிக்கு வந்தது. நசுங்கிய அலுமினியச் சட்டி, கைப்பிடி போன குக்கர், மூடி தொலைந்த டப்பா என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மழையில் சாக்கடை தேங்காமல் ஓடியது. அவர் செய்த பிராயச்சித்தம் அது. அதை வைத்துத்தான் அவர் இரவில் தூங்கினார் என்று நினைக்கிறேன்.

இதைக் கேள்விப்பட்டுப் போய் நின்றவன் நான். ஒரு அறக்கட்டளை இப்படிப்பட்ட தெருக்களைத்தான் தேடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நடக்குத காரியத்துக்கு எதுக்கு சார் துட்டு?”

“இன்னும் நல்லா நடக்கும்க்கா. வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி குடுக்கலாம்.”

“சட்டி எல்லார் வீட்டுலயும் கெடக்குல்லா. இதுல கை வைக்காதிய சார். தன்னால ஓடிட்டிருக்கு.”

நான் விடவில்லை. மற்ற தெருக்களுக்கும் பரவும், உங்களைப்போல் இன்னொரு பெண் கணவனை இழக்க வேண்டாம் என்று பேசினேன். அவருடைய துக்கத்தை எடுத்து அவர்மேலேயே பிரயோகித்தேன். அதற்குத்தான் அவர் இறங்கி வந்தார்.

நிதி வந்தது. தூக்குவாளியில் தங்கள் முத்திரை வேண்டும் என்றார்கள் அறக்கட்டளைக்காரர்கள். கூடாது, அந்தந்த வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் தன்னுடையது என்ற எண்ணம் வரும் என்று நான் வாதாடி வென்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பெயர் கேட்டுத் தெருவில் போனபோது எதிர்வீட்டுப் பேச்சிச்செல்வி, “எம் பேரு வேண்டாம், மக பேரை வெட்டுங்க. ஐஸ்வர்யான்னு” என்றாள். இன்னும் பல பேர் அப்படியே சொன்னார்கள். பிள்ளைப் பாசம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். மரமண்டை.

2025 பொங்கலுக்கு முந்தின வாரம் நூற்றெண்பது வீட்டுக்கும் கொடுத்தோம். அன்று எல்லோரும் புதுத் தூக்குவாளியோடு அக்கா கடைமுன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தூக்குவாளிகள் தெருவில் வெயிலைப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பேர் வெட்டிய எவர்சில்வரை நம் ஊரில் யார் இட்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அது சீர்ச் சாமான். எல்லாம் துணி சுற்றிப் பரணுக்குப் போய்விட்டன, மகள்களின் கல்யாணத்துக்கு. சரி, பழைய சட்டியாவது வந்ததா? அதுவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்குப் பேச்சிச்செல்வி சொன்னாள்: “புதுசை எடுத்தா நசுங்கிரும். பழசை எடுத்தா, குடுத்த புதுசு எங்கன்னு கேட்டுச் சிரிப்பாவ. எதுக்கு வம்பு?”

வம்பில்லாத வழி தெருமுனையில் இருந்தது. அங்கே இன்னொரு கடை, கேட்டதும் பையில் ஊற்றிக் கொடுத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

தினம் முந்நூறு இட்லி விற்ற கடையில் எழுபது போவதே பாடாகிவிட்டது. மாவு புளித்து மிஞ்சியது. அக்கா வீடு வீடாகப் போய், “ஏளா, பழைய சட்டியையே கொண்டாங்க, யாரு சிரிச்சா எங்கிட்டச் சொல்லுங்க” என்று கெஞ்சியிருக்கிறார். இரண்டு நாள் வந்தார்கள். பிறகு இல்லை. நான்கு மாதம் அப்படி ஓட்டினார். பையை வாங்கித் தொங்கவிட்டிருந்தால் கடை பிழைத்திருக்கும். நானே வெட்கமில்லாமல் அதைச் சொன்னேன்.

“எங்கடையில இருந்து இனி ஒரு பை அந்தச் சாக்கடைக்குப் போவாது சார்” என்றார். சித்திரை கடைசியில் கடையை மூடினார்.

எங்கள் அறிக்கையில் இது எதுவும் இல்லை. தூக்குவாளி பெற்ற வீடுகள் நூற்றெண்பது, நூற்றுக்கு நூறு. மூன்று தெருக்களுக்கு விரிவாக்க அடுத்த ஆண்டு நிதியும் வந்துவிட்டது. என் சம்பளம் அதில்தான். எதிர்த்து ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை.

அச்சடித்த அறிக்கையின் அட்டையில் அக்காவின் படம். ஒரு பிரதியை அவரிடம் கொடுக்க வேண்டும் என்று தேடியபோது, துறைமுகம் போகும் வழியில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்க்கிறார் என்றார்கள். காலையில் போனேன். பார்சல் கட்டும் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஒரு அண்டா சாம்பார். பக்கத்தில் கொத்துக் கொத்தாகப் பைகள். கரண்டியில் மொண்டு பையில் ஊற்றி, வாயைக் கட்டி, தள்ளிவைத்துவிட்டு அடுத்த பையை எடுத்தார். கை தன்பாட்டுக்கு ஓடியது. எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் பார்த்துவிட்டார்.

அறிக்கையை நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லா விழுந்திருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். “ஈரமாயிரும், நீங்களே வச்சுக்கிடுங்க.”

அறிக்கையைச் சாக்காக வைத்து மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வேறு வந்தது. வீட்டில் என் மனைவி ஜான்ஹவி இட்லி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். “எட்டு இட்லி பார்சல்க்கா” என்றேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். “பாத்திரம் கொண்டாந்தியளா சார்?”

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கொண்டுவந்திருப்பேன் என்று நம்பித்தான் கேட்டார். என் ஒரு கையில் அறிக்கை இருந்தது, மறு கையில் ஒன்றுமில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

“அதுக்கென்ன, இங்கன யாரும் கொண்டாறதில்ல” என்று ஒரு பையை உருவி, வாயை ஊதி விரித்து, சாம்பாரை ஊற்றினார். ஒரு கரண்டி கூடவே ஊற்றினார். கட்டி என் கையில் வைத்தார்.

“சுடும் சார். அடியில கை குடுத்துப் புடிங்க.”