பலாக்கட்டை

ஊரில் எனக்கு ஆர்டிஓ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. டிராக்டரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கும்போது, கிழங்கு பிடுங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் ஆர்டிஓ வருகிறார், தள்ளி நில்லுங்கள் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரிப்பது காதில் விழும். எனக்கு அதில் கோபம் கிடையாது, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். டிரெய்லர் மாட்டிய டிராக்டர் விளையாட்டுச் சாமான் இல்லை என்பது எங்கள் மலையின் தேவனூர் நாட்டிலேயே என் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

டிரெய்லரைச் சமதரையில்தான் மாட்டுவேன். மாட்டும்போது இரண்டுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, அது என் தம்பியாக இருந்தாலும் சரி. இணைக்கிற பின்னைப் போட்டு, அடியில் கிளிப்பைக் குத்தி, அதற்கு மேல் ஒரு சங்கிலியையும் சுற்றுவேன். கிளிப் தொலைந்தால் ஆணியை வளைத்து மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த மலையில் நிறைய உண்டு. அப்படி ஒருவருடைய டிரெய்லர் தனியாகக் கழன்று மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காட்டை விட்டு வெளியே வருமுன் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனியாக இருக்கிற இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டிவிடுவேன். கிழங்குக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து வருகிறேன் என்பவர்களை, எவ்வளவு சோர்ந்து போயிருந்தாலும், இறக்கி நடக்க விடுவேன். ஒரு கிழவரை இறக்கிவிட்டதற்கு அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இத்தனை சட்டம் பேசுகிறவனின் வண்டியில் ஒரு குறை இருந்தது. பிரேக்கை மிதித்தபடியே நிறுத்தி வைக்க ஒரு கொக்கி உண்டு. அதன் பல் தேய்ந்து போயிருந்தது. சமதரையில் பிடிக்கும், ஏற்றத்தில் நழுவும். அடுத்த அறுப்புக்குள் மாற்றிவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று அறுப்பு போய்விட்டது. பேட்டரியும் நோஞ்சான். ஏற்றத்தில் என்ஜினை அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்பது சாமிக்குத்தான் வெளிச்சம். கியரில் போட்டு அணைத்துவிட்டு இறங்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு முறை அப்படிச் செய்து, வண்டி இரண்டு முழம் பின்னால் போய்த்தான் நின்றது. அதற்கப்புறம் எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. இருந்தாலும் பயப்படவில்லை. பின்னால் என் மனைவி இருந்தாள்.

எங்கள் காடு பள்ளத்தில் இருக்கிறது, தார்ரோடு மேலே. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, டிராக்டரில் ரோட்டுக்கு ஏற்றினால், அங்கிருந்து லாரிதான் மலையை விட்டு இறக்கி ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குக் கொண்டுபோகும். காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே மண்பாதையில் செங்குத்தாக ஒரு வளைவு. பாரத்தோடு அதை ஒரே மூச்சில் ஏற முடியாது. வளைவில் நின்று, கியரைக் குறைத்து, மறுபடி கிளம்ப வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுக்கிற அந்தக் கணத்தில் டிரெய்லர் டிராக்டரைப் பின்னுக்கு இழுக்கும். அதற்காகத்தான் டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை கொடுப்பது.

பதினாறு வருஷம் அந்தக் கட்டையைக் கொடுத்தவள் அவள். வண்டிக்குப் பின்னால் நேராக நிற்கக் கூடாது, பள்ளத்துப் பக்கமும் நிற்கக் கூடாது, மேட்டுப் பக்கமாக நின்று பக்கத்திலிருந்துதான் கட்டையைத் தள்ள வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். அதை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. கட்டையைக் கொடுத்ததும் "போட்டாச்சுங்க" என்று ஒரு சத்தம் வரும். நான் காலை எடுப்பேன். வண்டி கிளம்பியதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வருவாள். ஒரு நாளைக்கு ஐந்து நடை, ஆறு நடை.

அந்த வளைவில் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கத் தகடு மட்டும்தான் தெரியும். ஆரம்பத்தில் ஒரு தடவை அவள் எங்கே என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் முன்சக்கரம் பாதையை விட்டு இறங்கப் பார்த்தது. மேலே வந்து சேர்ந்ததும் அவள் என்னை ஒரு பிடி பிடித்தாள்.

"நீங்க முன்னால பாருங்க. பின்னால நான் பாத்துக்கறேன்," என்றாள்.

அதற்குப் பிறகு நான் திரும்பியதே இல்லை.

முதலில் எங்களிடம் இருந்தது சில்வர் ஓக் கட்டை. தூக்க லேசு. ஆனால் ஈரத்தில் வழுக்கும், நாலைந்து வருஷத்துக்கொன்று பிளந்துபோகும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காற்றில் வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா சாய்ந்தது. அதன் வைரத்தில் நானே ஒரு கட்டை செதுக்கினேன். சக்கரத்தின் வளைவுக்கு ஏற்ற மாதிரி சரிவாக இழைத்து, அடியில் இரும்புப் பட்டை அடித்து, தூக்க ஒரு கயிறும் கோத்துக் கொடுத்தேன். அந்தக் கட்டை மேல் எத்தனை பாரம் வந்தாலும் நகராது. ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு குடம் தண்ணீரின் கனம் இருக்கும்.

கட்டை கனமாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். கனமாக இருந்தால்தான் நிற்கும், உன்னை மாதிரி என்றேன். சிரித்தாள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை சொன்னாள். நாலு வாய் சோறு கூடத் தின்னு என்றேன். மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை. டிரெய்லரிலேயே ஒரு சங்கிலியைப் போட்டுக் கட்டையைக் கோத்துவிட்டால் யாரும் சுமக்க வேண்டியதில்லை, தானே இழுபட்டுப் பின்னால் வரும். இப்போது அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன், கால் மணி நேர வேலை. அன்றைக்கு அது என் மண்டையில் உதிக்கவில்லை. இணைக்கிற பின்னுக்குக் கிளிப், கிளிப்புக்குச் சங்கிலி என்று யோசித்த மண்டை அது.

போன மாசியில் அறுப்பு. முந்தின நாளே கிழங்கைப் பிடுங்கிப் போட்டிருந்தோம். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது, கறுத்துப்போகும். லாரி காலையிலேயே மேலே வந்து நின்றுவிட்டது. லாரிக்காரர் எங்களுக்குப் பழக்கமானவர், அடிவாரத்து ஆள். மூன்று நடை ஏற்றிவிட்டோம். நாலாவது நடைக்குப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் மிளகுக்கொடி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். வேலைக்கு நடுவில் உட்கார்ந்தே பழக்கமில்லாதவள் உட்கார்ந்திருக்கிறாளே என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் ஹாரன் அடித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கட்டையை எடுத்தாள். நான் பார்த்தது அதுதான். அதற்கப்புறம் முன்னால் திரும்பிக்கொண்டேன்.

வளைவில் வண்டியை நிறுத்தினேன். இடது கால் கிளட்சில், வலது கால் பிரேக்கில். கியரைக் குறைத்துவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

இன்னும் வந்து சேரவில்லை போல என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று ஹாரன் அடித்தேன். அதற்கும் பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மேலே லாரி காத்திருக்கிறது, இவள் வழியில் யாரிடமாவது பேச நின்றுவிட்டாள் என்று தோன்றியது. "தூங்கிட்டியா புள்ள? கட்டையப் போட்டியா இல்லையா?" என்று கத்தினேன். அதற்கு மேலும் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

வண்டியை விட்டு இறங்க முடியாது. கொக்கி பிடிக்காது. காலை எடுத்தால் அத்தனை பாரமும் பின்னால் போகும். சரி, கட்டை இல்லாமலே கிளப்பிவிடலாம் என்றால், கிளம்புமுன் வண்டி ஒரு முழமாவது பின்வாங்கும். அவள் அப்போதுதான் குனிந்து கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தால்? அதை நினைத்ததும் காலை இன்னும் அழுத்தி மிதித்தேன். அந்த வளைவில் போனுக்கு சிக்னல் கிடையாது. கிழங்கு பிடுங்குகிறவர்கள் கீழே வெகுதூரத்தில். தொடை நடுங்க ஆரம்பித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்படி உட்கார்ந்திருந்தேன். அவளைத் திட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். இரண்டும் உண்மை. எதையும் மறைக்க விரும்பவில்லை.

ஹாரன் சத்தம் விடாமல் கேட்கவும் லாரிக்காரர் மேலிருந்து நடந்து வந்தார். எனக்குக் கையைக் காட்டிவிட்டு டிரெய்லரைத் தாண்டிப் பின்னால் போனார். போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"கட்டை போட்டுத்தானுங்க இருக்குது. வண்டிய விட்டு எறங்குங்க, வெரசா எறங்குங்க," என்றார்.

அவர் சொல்லியும் எனக்குக் காலை எடுக்கப் பயமாக இருந்தது. அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்தேன். வண்டி ஒரு விரற்கடை அசைந்து, கட்டையில் முட்டி, அப்படியே நின்றது.

அவள் மேட்டுப் பக்கமாக, பாதையோரத்து மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. உடம்பெல்லாம் வேர்த்து, சேலை நனைந்திருந்தது. சக்கரத்தை ஒட்டி, கொஞ்சம்கூடக் கோணாமல், கட்டை இருந்தது. நானே வைத்திருந்தாலும் அவ்வளவு நேராக வைத்திருக்க மாட்டேன். நான் நின்ற உடனேயே அவள் கட்டையைப் போட்டிருக்கிறாள். சத்தம் கொடுக்கத்தான் அவளால் முடியவில்லை. அந்த நேரம் முழுக்க, எந்த நிமிஷத்திலும் நான் இறங்கி வந்திருக்கலாம்.

லாரியிலேயே தூக்கிப் போட்டு மலை மேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் போய்விட்டது என்றார்கள். மாரடைப்பு. டாக்டர் சின்ன வயசு, பொறுமையானவர். கொஞ்ச நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. காரியம் முடிந்த பிறகு லாரிக்காரரைக் கேட்டேன். முதல் ஹாரன் கேட்டபோது கையில் டீ இருந்தது, அதைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன் என்று சொல்லி அழுதார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து யார் டீ குடித்தாலும் அது தீர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது ரொம்ப நேரம்.

பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்துவிட்டாள், கொடுத்து வைத்தவள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அவர்கள் எல்லாரையும் வெளியே துரத்த வேண்டும் போல் இருந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் மட்டும் எதுவும் சொல்லாமல் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் ஒன்று கேட்டாள்.

"அம்மா உங்களக் கூப்பிட்டாங்களாப்பா?"

தெரியவில்லை என்றேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் வாயும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அதை மகளிடம் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

கொக்கியைப் பிறகு மாற்றினேன். மெக்கானிக் வீட்டுக்கே வந்து, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார். பேட்டரியும் புதுசு. வண்டியை விற்றுவிடு என்று தம்பி சொன்னான். விற்றால் கிழங்கைத் தலையில் சுமந்தா ஏற்றுவது? இந்த வருஷமும் கிழங்கு விளைந்தது, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. அவளுடைய தம்பி, ஐம்பதை நெருங்குகிறவன், தானாகவே வந்து வண்டிக்குப் பின்னால் நடக்கிறேன் என்றான். அதே பலாக்கட்டைதான். அடுப்பில் வைத்துவிடலாம் என்று ஒரு நாள் கோடரியைக்கூட எடுத்தேன், முடியவில்லை. சங்கிலியில் கோத்து டிரெய்லரில் மாட்டியிருக்கிறேன். அவன் அதைச் சுமக்க வேண்டியதில்லை, சக்கரத்தடியில் காலால் தள்ளிவிட்டால் போதும்.

வளைவில் நிறுத்தினால் பின்னாலிருந்து அவன் போட்டாச்சு மாமா என்று சத்தம் கொடுக்கிறான். நல்ல கனத்த குரல், என்ஜினை மீறிக் கேட்கும். ஆனாலும் நான் கொக்கியை மாட்டி, என்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் பின்னால் போகிறேன். ஒவ்வொரு நடைக்கும் போகிறேன். லாரி மேலே நின்றுகொண்டுதான் இருக்கும், இப்போதெல்லாம் லாரிக்காரர் அவசரப்படுத்துவதில்லை. மச்சினன் மேட்டுப் பக்கமாக நின்றுகொண்டிருப்பான். நான் கட்டையைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று முதலில் நினைத்தான், தன்னை நம்பவில்லை என்று கொஞ்சம் வருத்தப்படவும் செய்தான். இப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் பார்ப்பதற்குத் தோதாக நிமிர்ந்து நிற்கிறான்.

"நல்லாத்தான் இருக்கறேன் மாமா. நீங்க போய் ஏறுங்க," என்கிறான்.

நான் போய் ஏறிக்கொள்கிறேன்.