வெள்ளியங்கிரி போட்ட ஒன்று

வெள்ளியங்கிரி திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பதினாறு வருடம் ஆழ்துளைக் கிணறு போட்டவன். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழியிலிருந்து தண்ணீர் வராமல் கல்தூள் புகை மட்டும் வந்தால், தோட்டத்துச் சொந்தக்காரர் அழுதாலும் சரி, அடிக்க வந்தாலும் சரி, "பொகைதானுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். உடம்புவலிக்கென்று அவன் போட ஆரம்பித்த மாத்திரை அவனையே விழுங்கியது. ஆட்டையாம்பட்டி பக்கம் ஒரு பை மாத்திரையோடு பிடிபட்டான். மூன்று வருடத் தண்டனை.

சிறையில் போதை மீட்புப் பிரிவு தனிக் கட்டடம். அங்கே வந்து மாத்திரையை விட்டு நூற்றுப்பத்து நாள் ஆகியிருந்தது. முதல் பத்து நாள் அவன் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. அந்த இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பது ஒன்றே அவன் கவலை. பொது பிளாக்கில் மாத்திரை பீடியைவிடச் சுலபமாகக் கிடைக்கும்.

வாரம் ஒருமுறை வரும் ஆலோசகர் ஜோதி அன்று வாழ்க்கைத்தரப் படிவம் கொண்டுவந்தார். தூக்கம், தண்ணீர், கக்கூஸ் என்று மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை. ஆனால் தலைமைக் காவலர் அன்பரசு முன்னாடியே வரிசையில் நிறுத்திப் பாடம் எடுத்திருந்தார்.

"எல்லாத்துக்கும் அஞ்சு. மேல இருந்து ஆபீசர் வர்றாங்க. எவனாச்சும் கொறைச்சான், நேரா பொது பிளாக்குதான்."

இருபது பேர் அறையில் நாற்பத்தாறு பேர், ஒரே கக்கூஸ். இதற்கு ஐந்து மதிப்பெண்ணாம்! மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஐந்து போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளியங்கிரி மூன்றுக்கும் ஒன்று போட்டான். பின்னால் நின்ற அன்பரசு பார்த்துவிட்டார்.

"ஏன்டா, கொழுப்பா?"

"பொகை வர்ற குழியில தண்ணி வருதுன்னு எழுதச் சொல்றீங்களாங்கய்யா? அது எனக்கு வராதுங்க."

அன்று மாலையே பொது பிளாக்குக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் பக்கத்துப் பாயில் படுப்பவன் உள்ளங்கையில் இரண்டு மாத்திரையை நீட்டினான். வெள்ளியங்கிரிக்கு எச்சில் ஊறியது. இன்னும் ஆசை போகவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. "நீயே வெச்சுக்க சாமி" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த வாரம் ஜோதி கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் புதுப் படிவம் இருந்தது. கதவோரம் அன்பரசு நின்றார்.

"அண்ணா, மாத்தி எழுதிக் குடுத்தா திரும்பச் சேத்துக்கறாங்களாமா. நான் எதுவும் சொல்லமாட்டனுங்க, உங்க இஷ்டம்" என்றார் ஜோதி, நிமிர்ந்து பார்க்காமல்.

வெள்ளியங்கிரி மூன்று ஒன்றையும் மறுபடி அப்படியே போட்டான். பிறகு தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் எழுதினான்: 'பொது பிளாக்கில் மாத்திரை கிடைக்கிறது. எனக்கு இரண்டு கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. என்னை மீட்புப் பிரிவுக்கே அனுப்ப வேண்டும்.' கீழே தன் பெயர், அப்பா செங்கோடன் பெயர், கைதி எண் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதினான்.

"ஐயோ, பேரு வேண்டாமுங்ணா!"

"இருக்கட்டுமுங்க." தாளை ஜோதியிடம் கொடுத்துவிட்டு, அன்பரசுவைப் பார்த்தபடியே சொன்னான்: "ஆபீசர் கேட்டா, எழுதுன ஆளு உள்ளதான் இருக்கறான், எப்ப வேணாலும் வந்து பாக்கச் சொல்லுங்க."