நைனாவிடம் கேட்ட இங்கிலீஷ் கேள்வி

மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகத்துக்கு வரும். நெட்டுக்குப்பத்துக் கரையில் எங்கள் படகு எஞ்சின் கக்கிய புகை அது. அப்போது எனக்கு எட்டு வயது. 'நைனா' என்று நான் கூப்பிடும் அப்பா கடலுக்குப் போகிறவர். நானோ எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவள், அந்தத் திமிர் தலைக்கேறி ஆடிக்கொண்டிருந்த காலம்.

தினமும் வீட்டில் யாரிடமாவது ஒரு கேள்வியை இங்கிலீஷில் கேட்டுக் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. அன்றைய கேள்வி, 'வேர் ஆர் யூ கோயிங்?' விடிந்ததும் நோட்டும் கையுமாகக் கரைக்கு ஓடி, படகைத் தள்ளிக்கொண்டிருந்த நைனாவிடம் உரக்கக் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, பெருமையாகச் சிரித்தார். கூடத் தொழிலுக்குப் போகும் கன்னியப்பன் மாமா முன்பு துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தவர். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா மச்சான், கொயந்த இன்னா கேக்குது?" என்றார் நைனா.

"கேக்கக் கூடாதத கேட்டுச்சி. அத என் வாயால சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலுக்குக் கிளம்புகிறவரை 'எங்க போற' என்று எங்கள் குப்பத்தில் எவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போனவர் திரும்ப மாட்டார் என்ற பயம். கிளம்புகிறவரும் 'வரேன்' என்பாரே தவிர 'போறேன்' என்று சொல்ல மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? இங்கிலீஷில் கேட்டால் அது வேறு கேள்வி என்று நினைத்துவிட்டேன், மடச்சி! நைனா மணலில் குந்தி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, சகுனத்தைக் கழித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மதியத்துக்குள் மற்ற படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன, எங்கள் படகை மட்டும் காணோம். அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை; கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் கொடுமை. நைனா செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"நா இனிமே இஸ்கூலுக்குப் போவலம்மா."

"வாயத் தொறக்காத."

பொழுது சாய்கையில் வேறொரு படகு எங்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோயிருக்கிறது. நைனா கரையில் கால் வைத்த பிறகுதான் அம்மா ஓவென்று அழுதபடி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கொயந்தைய ஏன்மே அடிக்கிற? கடலுக்கு இன்னா இங்கிலீஷா தெரியும்?" என்று சிரித்தார் நைனா. நோட்டில் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போன மாதம் என் மகள் மேல்படிப்புக்காக லண்டன் கிளம்பினாள். கடலை விட்டு வெகுநாளாகிவிட்ட நைனாவும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். வாசல் காவலர் டிக்கெட்டைப் பார்த்து, "வேர் ஆர் யூ கோயிங்?" என்றார். அவள் ஊரைச் சொல்லி, "பை தாத்தா" என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குப்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் இப்போது 'பை'தான். 'வரேன்' என்று சொல்ல அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை, நானும்தான்.

நைனா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவை விட்டு நகரவே இல்லை.

"அந்தாளு இங்கிலீஷ்லதான நைனா கேட்டாரு" என்றேன்.

"அவ போற ஊருக்கு இங்கிலீஷ் தெரியுமேம்மா" என்றார்.